தொலைநிலைக் கல்வியில் சிறுதொழில் மேலாண்மை: முதுநிலையில் சேர்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சொந்தமாகச் சிறிய தொழில் நடத்துவோரும், குடும்பத் தொழிலை அடுத்துப் பொறுப்பேற்க இருப்போரும், இருக்கும் வேலையை விடாமல் மேலாண்மையில் முதுநிலைப் படிப்பு ஒன்றை முடிக்க விரும்புவது இப்போது பரவலாகக் காணப்படுகிறது. அவர்கள் சேர்வதற்கு முன்பும் சேர்ந்த பின்பும் வழக்கமாகக் கேட்பவை இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விதிமுறைகள் இந்தியாவுக்கு, குறிப்பாகத் தமிழ்நாட்டில் உள்ளவர்களுக்குப் பொருந்துபவை. எடுத்துக்காட்டுக் கணக்குகளில் வரும் தொகைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

சிறுதொழில் மேலாண்மை என்ற பெயரிலேயே முதுநிலைப் படிப்பு கிடைக்குமா?

அந்தப் பெயரைத் தாங்கிய முதுநிலைப் பட்டம் அரிது. பெரும்பாலும் எம்.பி.ஏ. படிப்புக்குள் தொழில்முனைவு, சிறுதொழில் நிர்வாகம் ஆகியவை ஒன்றிரண்டு தாள்களாக இடம்பெறுகின்றன. சில பல்கலைக்கழகங்கள் தொழில்முனைவைச் சிறப்புப் பாடமாக வைத்திருக்கின்றன. நிதி, சந்தைப்படுத்தல், உற்பத்தி நிர்வாகம், மனிதவளம் என ஒரு துறையை மட்டும் எடுத்து ஓராண்டில் முடிக்கும் முதுநிலைப் பட்டயங்களை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) போன்ற நிறுவனங்கள் நடத்துகின்றன. ஆகவே பெயரைத் தேடி அலைவதைவிட, பாடத்திட்டத்தை இறக்கி வைத்துக்கொண்டு செலவுக் கணக்கியல், நடைமுறை மூலதனம் (தொழிலில் அன்றாடம் சுழலும் பணம்), சிறுதொழில் சட்டங்கள், தொழில்முனைவு ஆகிய நான்கும் அதில் எவ்வளவு இருக்கின்றன என்று பார்ப்பதே சரியான வழி.

தொலைநிலையில் பெற்ற எம்.பி.ஏ.வுக்கு நேரடியாகக் கல்லூரியில் படித்த பட்டத்தின் மதிப்பு உண்டா?

சட்டப்படி உண்டு. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் தொலைநிலையிலும் இணையவழியிலும் வழங்கும் பட்டங்கள், அதே நிலையில் நேரடி முறையில் வழங்கப்படும் பட்டங்களுக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 செப்டம்பரில் அறிவித்தது. 2020ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையில் ஏற்கெனவே இருந்த 22ஆம் விதியைச் சுட்டியே அந்த அறிவிப்பு வந்தது.

நடைமுறையில் மதிப்பு என்பது யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிய காலம் முதலே ‘தபாலில் படித்தவர்’ என்ற இளக்காரம் இங்கே உண்டு. இன்றும் சில தனியார் நிறுவனங்கள் வேலைக்கு எடுக்கும்போது நேரடிப் படிப்பையே கேட்கின்றன. சொந்தத் தொழில் செய்பவருக்கு இந்தக் கவலை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அவரிடம் சரக்கு வாங்குபவர் எவரும் பட்டச் சான்றிதழைக் கேட்கப் போவதில்லை.

அங்கீகாரம் இருக்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது?

மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு; அது குறிப்பிட்ட பாடத்தை, குறிப்பிட்ட கல்வியாண்டில், தொலைநிலை முறையில் நடத்த அனுமதி பெற்றிருப்பது வேறு. யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டெப்) தன் இணையதளத்தில் கல்வியாண்டு வாரியாக இந்தப் பட்டியலை வெளியிடுகிறது. நிறுவனத்தின் பெயர், பாடத்தின் பெயர், முறை, ஆண்டு ஆகிய நான்கும் ஒரே வரியில் பொருந்தினால் மட்டுமே பணம் கட்டலாம். மூத்தவர் ஒருவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கே படித்தார் என்பது இந்த ஆண்டுக்கான சான்றாகாது.

இன்னும் இரண்டு விஷயங்கள். மாநிலப் பல்கலைக்கழகம் தனக்குரிய எல்லைக்குள் மட்டுமே தொலைநிலைப் படிப்பை நடத்தலாம். இக்னோவுக்கு நாடு முழுவதும் அனுமதி உண்டு. அடுத்து, படிப்பு மையத்தை வெளியாருக்கு உரிமம் கொடுத்து நடத்துவதற்கு விதிகளில் இடமில்லை. கம்ப்யூட்டர் சென்டர் மாடியில் பலகை மாட்டிக்கொண்டு, வடமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் தொலைநிலை எம்.பி.ஏ.வில் சேர்த்துவிடுகிறோம், தேர்வையும் இங்கேயே எழுதிக்கொள்ளலாம் என்று சொல்கிற இடங்களை இந்த இரண்டு விதிகளை வைத்தே கண்டுகொள்ளலாம். கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தனியாகக் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

2024 செப்டம்பர் கல்விப் பருவம் முதல் தொலைநிலை, இணையவழிப் படிப்புகளில் சேரும் மாணவர் ஒவ்வொருவரும் யு.ஜி.சி. தளத்தில் டெப் அடையாள எண் ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அது, மாணவர் பெறும் கிரெடிட்களைச் சேர்த்துவைக்கும் கல்வி மதிப்பெண் வங்கிக் கணக்குடன் இணைக்கப்படுகிறது. இந்த எண்ணைக் கேட்காமலேயே சேர்க்கை முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் சந்தேகப்பட வேண்டும்.

தொலைநிலைக்கும் இணையவழிக்கும் என்ன வேறுபாடு?

தொலைநிலையில் அச்சிட்ட பாடநூல்களும், விடுமுறை நாள்களில் நேரடித் தொடர்பு வகுப்புகளும், தேர்வு மையத்தில் எழுத்துத் தேர்வும் இருக்கும். இணையவழியில் வகுப்புகள், பாடங்கள், கலந்துரையாடல் எல்லாம் இணையத்திலேயே நடக்கும். எல்லைக் கட்டுப்பாடும் கிடையாது. பட்டறைச் சத்தத்தில் பகல் முழுவதும் இருப்பவருக்குப் பதிவுசெய்த வகுப்பை இரவில் கேட்கும் வசதி உதவும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்பில் பக்கத்து இருக்கையில் உட்காரும் இன்னொரு தொழில்காரரிடம் பேசுவது பல நேரங்களில் பாடத்தைவிடப் பயன் தரும் என்பதால், கூடுமானவரை நேரடி வகுப்புகள் உள்ள முறையையே தேர்ந்தெடுக்கச் சொல்வோம்.

அடிப்படைத் தகுதி என்ன?

ஏதேனும் ஒரு துறையில் இளநிலைப் பட்டம். இக்னோவின் எம்.பி.ஏ.வுக்குப் பொதுப் பிரிவினர் 50 விழுக்காடும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் 45 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும். முன்பு இருந்த நுழைவுத்தேர்வு இப்போது இல்லை. மற்ற பல்கலைக்கழகங்களில் விதி மாறுபடும். வயது பெரும்பாலும் தடையாவதில்லை.

தமிழிலேயே படித்துத் தேர்வு எழுத முடியுமா?

2002இல் உருவான தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பல படிப்புகளைத் தமிழ்வழியில் நடத்துகிறது. எம்.பி.ஏ. என்று வரும்போது பெரும்பாலான நிறுவனங்களில் பாடநூல் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால், எந்த மொழியில் நூல் தருவார்கள், எந்த மொழியில் விடை எழுதலாம் என்ற இரண்டையும் தனித்தனியாகத் தகவல் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். விடையைத் தமிழில் எழுதலாம், நூல் மட்டும் ஆங்கிலம் என்ற நிலையும் உண்டு. ஆங்கிலம் தயக்கம் தருமென்றால் முதல் பருவத்தில் கணக்கியலோடு தொடங்குவது நல்லது. அங்கே மொழி குறைவு, எண்கள் அதிகம். பில், லெட்ஜர், டெபிட், கிரெடிட் எல்லாம் நாள்தோறும் கையாளும் சொற்கள்தாம்.

பதினைந்து ஆண்டுகளாகப் பட்டறை நடத்துகிறேன். எனக்குத் தெரியாத எதை இந்தப் படிப்பு சொல்லித் தரும்?

தொழில்நுட்பத்தையோ வாடிக்கையாளரிடம் பேசும் விதத்தையோ இந்தப் படிப்பு உங்களுக்குக் கற்றுத்தரப் போவதில்லை. அவற்றில் பாடநூலை எழுதியவர்களைவிட உங்களுக்கே அனுபவம் அதிகம். அது தருவது, கையில் ஏற்கெனவே இருக்கும் எண்களைப் பார்க்கும் ஒரு முறை. ஒரே ஒரு எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

கோவையிலோ ஓசூரிலோ ஜாப் ஒர்க், அதாவது பிறர் தரும் வேலையைக் கூலிக்குச் செய்யும் ஒரு சிறிய பட்டறையில் 30 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய வி.எம்.சி. இயந்திரம் (கணினி வழி உலோகத்தைக் கடையும் இயந்திரம்) ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தாண்டு ஆயுள் என்று எடுத்தால் தேய்மானம் ஆண்டுக்கு 3 லட்சம். கடன் வட்டி சராசரியாக 1.80 லட்சம். இரண்டு ஷிப்டுக்கும் தலா 22,000 ரூபாய் சம்பளத்தில் ஓர் ஆபரேட்டர் என்றால் ஆண்டுக்கு 5.28 லட்சம். வாடகையில் அந்த இயந்திரத்தின் பங்கு 1.20 லட்சம். ஆக, இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகிற செலவு 11.28 லட்சம். ஓடினால் மட்டும் ஆகிற மின்சாரம், இன்செர்ட் (வெட்டும் முனை), கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) ஆகியவற்றுக்கு மணிக்கு 67 ரூபாய்.

ஆண்டுக்கு 300 நாள், நாளுக்கு 12 மணி நேரம், ஆக 3,600 மணி நேரம் ஓடினால் மணிக்கு அடக்கவிலை ஏறத்தாழ 380 ரூபாய். வெளியே 400 ரூபாய் வீதம் கிடைக்கிறது. இருபது ரூபாய் நிற்கிறது என்று முதலாளி நினைத்துக்கொள்கிறார். ஆனால் செட்டிங், மெட்டீரியல் வராத நாள், ஆள் வராத நாள், மின்தடை எல்லாம் போக இயந்திரம் உண்மையில் ஓடியது 2,400 மணி நேரமாக இருந்தால், அடக்கம் 537 ரூபாய். ஒவ்வொரு மணிக்கும் 137 ரூபாய் கையை விட்டுப் போகிறது. ஆண்டு முழுவதும் ஆர்டர் இருந்தும் பணம் எங்கே போனது என்று தெரியாமல் ஆடிட்டரைக் கேட்கும் பட்டறைகள் பல இந்தக் கணக்கில்தான் சிக்கியிருக்கின்றன.

இதற்கு அடுத்த படிதான் பாடத்தின் அருமை. சும்மா நிற்கும் நேரத்துக்கு மணிக்கு 300 ரூபாயில் ஓர் ஆர்டர் வந்தால் வாங்கலாமா? 537 ரூபாயை மட்டும் பார்த்தால் மறுத்துவிடுவீர்கள். ஆனால் நிலையான செலவு எப்படியும் ஆகப்போகிறது. கூடுதலாக ஆவது 67 ரூபாய்தான் என்பதால் மணிக்கு 233 ரூபாய் அந்த நிலையான செலவை அடைக்க உதவுகிறது. வாங்கலாம். அதே விலையை நிரந்தர வாடிக்கையாளருக்கும் கொடுத்துப் பழக்கிவிட்டால், அல்லது நல்ல விலை ஆர்டருக்கு இடமில்லாமல் போய்விட்டால், அந்த முடிவே தொழிலை மூழ்கடிக்கும். இறுதிநிலைச் செலவியல் என்ற தலைப்பில் வரும் ஒரு பாடம் இது. இந்த ஒரு பாடத்துக்காகவே கட்டணம் செலுத்தலாம் என்பது எங்கள் கருத்து.

பாடநூல்கள் பெரிய கம்பெனிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்கிறார்களே?

பெருமளவு உண்மை. மனிதவளத் துறைக்கெனத் தனி மேலாளரும், சந்தை ஆய்வுக்கென நிதி ஒதுக்கீடும் இருப்பதாகவே பல அத்தியாயங்கள் வைத்துக்கொள்கின்றன. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில் முதலாளியே கொள்முதல், முதலாளியே வசூல், முதலாளியே ஆள் எடுப்பவர். அமைப்பு நடத்தை குறித்த தாள்களைத் தேர்வுக்காகப் படித்து முடித்துவிட்டு, கணக்கு, நிதி, உற்பத்தி ஆகியவற்றில் நேரத்தைச் செலவிடுவது புத்திசாலித்தனம்.

இன்னொரு குறை, சில நூல்கள் பழையனவாக இருப்பது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் எது என்ற வரையறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டம் உற்பத்தித் தொழிலில் இயந்திர முதலீட்டை மட்டும் வைத்து, 25 லட்சம் வரை குறுந்தொழில், 5 கோடி வரை சிறுதொழில் என்றது. 2020 ஜூலை முதல் விற்றுமுதலும் (ஆண்டின் மொத்த விற்பனை) சேர்க்கப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் குறுந்தொழிலுக்கு முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி. சிறுதொழிலுக்கு முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி என வரம்பு உயர்ந்துவிட்டது. கையில் இருக்கும் நூலில் பழைய எண்கள் இருந்தால், தேர்வில் புதிய வரம்பை ஆண்டோடு குறிப்பிட்டு எழுதுங்கள்.

பாடத்தில் இரண்டு வரியில் கடந்துபோகும் ஒரு சட்டப்பிரிவு, தொழிலில் பல லட்சங்களைத் தீர்மானிக்கக்கூடும். குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதுவும் 45 நாளுக்கு மிகாமல், பணம் தர வேண்டும்; ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டியாக. அந்தக் கெடு தாண்டிய தொகையை, வாங்கியவர் அதைக் கொடுக்கும் ஆண்டில்தான் தன் வருமானத்திலிருந்து செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்று வருமானவரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்த பிறகே, பல பெரிய பார்ட்டிகள் மார்ச் மாதத்தில் பாக்கியைத் தேடிவந்து தீர்க்கத் தொடங்கினார்கள். இந்த உரிமைகளுக்கு, குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு வேண்டும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்பவர் இடைத்தரகர்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. நான்கு கிரெடிட் தாள் ஒன்றுக்கு 120 மணி நேரம். ஒரு பருவத்தில் நான்கு தாள் என்றால் 480 மணி நேரம், அதாவது வாரத்துக்கு ஏறத்தாழ 18 மணி நேரம். உள்ளபடி சொன்னால் இந்த அளவு படிப்பவர்கள் குறைவு. பத்து மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்தாலே தேர்ச்சி பெறலாம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் மூச்சுவிட நேரமில்லாத ஜவுளி, பட்டாசு, இனிப்புத் தொழில்களில் இருப்பவர்கள் டிசம்பர் தேர்வில் குறைவான தாள்களை எழுதிவிட்டு, ஜூன் தேர்வில் மீதியை எடுத்துக்கொள்ளும்படி திட்டமிடலாம்.

அசைன்மென்டும் ப்ராஜெக்டும் சடங்குதானே? கடையில் எழுதியே தருகிறார்களே?

தருகிறார்கள், தேர்வு மையத்துக்கு எதிரிலேயே ஜெராக்ஸ் கடையில் தொங்கவிட்டிருப்பதையும் பார்க்கலாம். இக்னோவில் ஒப்படைப்புகளுக்கு 30 விழுக்காடு மதிப்பு என்பதால் பலரும் அந்தப் பக்கம் சாய்கிறார்கள். ஒரே விடை நாற்பது பேரிடமிருந்து வரும்போது திருத்துபவருக்குத் தெரியாமல் இருக்காது என்பது ஒருபுறம். வேலைக்காகப் பட்டம் தேடுபவருக்கு அந்தக் குறுக்குவழி ஏதோ ஒருவகையில் மிச்சம் பிடிப்பதாகத் தோன்றலாம்; சொந்தத் தொழில் உள்ளவருக்கு அது முழு நட்டம். ஆலோசகர் ஒருவரை வைத்துச் செய்தால் பெருந்தொகை கேட்கக்கூடிய ஆய்வை, வழிகாட்டியின் துணையோடு தன் தொழிலிலேயே செய்யும் வாய்ப்பு அந்த ப்ராஜெக்ட்.

தலைப்பு எதுவாக இருக்கலாம் என்பதற்கு ஒன்று: ‘நடைமுறை மூலதனச் சுழற்சி’. கரூரில் வீட்டு உபயோகத் துணி தைக்கும் ஒரு யூனிட் என்று வையுங்கள். பன்னிரண்டு மாதக் கொள்முதல், விற்பனை பில்களையும் வங்கிக் கணக்கையும் எடுத்து நாள்களை எண்ண வேண்டும். துணி வந்து கட்டிங்குக்குப் போகும்வரை 20 நாள், தைத்துப் பேக்கிங் முடிய 12 நாள், பில் போட்டபின் பணம் வர 70 நாள்; ஆக 102. துணிக்காரர் தரும் கடன் 30 நாளைக் கழித்தால் 72 நாள் சொந்தப் பணமோ ஓ.டி. (வங்கி மிகைப்பற்று) பணமோ உள்ளே கிடக்கிறது. மாதச் செலவு 9 லட்சம் என்றால் நாளுக்கு 30,000; 72 நாளுக்கு 21.60 லட்சம். வசூலைப் பத்து நாள் முன்னுக்கு இழுத்தால் 3 லட்சம் விடுபடும். எந்தப் பார்ட்டி எத்தனை நாள் இழுக்கிறார் என்ற அட்டவணையைப் போட்டுப் பார்க்கும்போது, அதிகம் வாங்குகிறார் என்று தலையில் தூக்கி வைத்திருந்த வாடிக்கையாளரே அதிகம் செலவு வைப்பவராகத் தெரியவரலாம். வாடிக்கையாளர்களின் பெயர்களை ‘அ’, ‘ஆ’ என்று மாற்றிக்கொண்டால் போதும்; வியாபார ரகசியம் வெளியே போகும் என்ற அச்சம் தேவையில்லை.

எம்.பி.ஏ. இருந்தால் வங்கிக் கடனோ மானியமோ எளிதாகக் கிடைக்குமா?

கிடைக்காது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில், 10 லட்சத்துக்கு மேற்பட்ட உற்பத்தித் திட்டத்துக்குக்கூட எட்டாம் வகுப்புத் தேர்ச்சிதான் கேட்கிறார்கள். புதிய தொழில்முனைவோருக்கான தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 விழுக்காடு மூலதன மானியமும் 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு; அதற்கும் முதுநிலைப் பட்டம் தேவையில்லை. வங்கி மேலாளர் பார்ப்பது சிபில் மதிப்பெண் (கடனைத் திருப்பிய வரலாற்றுக்கான மதிப்பெண்), ஜி.எஸ்.டி. கணக்கு, வருமானவரிக் கணக்கு. மாவட்டத் தொழில் மையத்துக்கோ வங்கிக்கோ தரும் திட்ட அறிக்கையை நீங்களே தயாரித்து, அதில் உள்ள எண்ணை ஏன் போட்டீர்கள் என்று கேட்டால் தடுமாறாமல் பதில் சொல்ல முடிவதுதான் படிப்பால் வரும் பயன்.

இப்போதுதான் பட்டம் முடித்தேன். தொழில் எதுவும் இல்லை. நேரடியாக இதில் சேரலாமா?

விதிப்படி சேரலாம். ஆயினும் இரண்டு ஆண்டு ஏதாவது ஒரு சிறு நிறுவனத்தில், முடிந்தால் கொள்முதல் அல்லது வசூல் பொறுப்பில், வேலை பார்த்துக்கொண்டே சேருவது நல்லது. பாக்கி வசூலுக்கு ஒருமுறைகூடப் போகாதவருக்குக் கடன் விற்பனை பற்றிய அத்தியாயம் வெறும் சூத்திரமாகவே இருக்கும். தொழில் தொடங்குவது மட்டும்தான் நோக்கம் என்றால், சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் நடத்தும் குறுகிய காலப் பயிற்சிகளை முதலில் பார்ப்பது பொருத்தமானது.

வேறு படிப்போடு சேர்த்துப் படிக்கலாமா?

படிக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகளை 2022 ஏப்ரல் முதல் யு.ஜி.சி. அனுமதிக்கிறது, இரண்டும் நேரடிப் படிப்பாக இருந்தால் வகுப்பு நேரங்கள் மோதக் கூடாது, ஒன்று தொலைநிலை என்றால் அந்தச் சிக்கலும் இல்லை. பிஎச்.டி.க்கு இந்தச் சலுகை பொருந்தாது.

இடையில் நின்றுபோனால் கட்டிய பணம் வீணா?

உடனே வீணாவதில்லை. இக்னோவின் எம்.பி.ஏ.வைக் குறைந்தது இரண்டு ஆண்டிலும் அதிகபட்சம் நான்கு ஆண்டிலும் முடிக்கலாம். அந்தக் காலத்துக்குள் தேர்ச்சி பெற்ற தாள்கள் அப்படியே இருக்கும். அரியர் வைத்த தாளுக்கு மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டி எழுதலாம். அடுத்த பருவத்துக்கான பதிவை உரிய தேதிக்குள் செய்யத் தவறுவதுதான் பலர் நின்றுபோவதற்குக் காரணமாகிறது. சீசன் நெருக்கடியில் படிக்க முடியாவிட்டாலும், மறுபதிவுக்கான கடைசித் தேதியை மட்டும் ஜி.எஸ்.டி. தாக்கல் தேதிகளோடு சேர்த்து அலுவலக நாள்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.